லினக்ஸில் என்விடியா டிரைவர்: சந்தேகங்களும் விளக்கங்களும்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத கணினியைக் கழித்துக்கட்டாமல், அதில் லினக்ஸை நிறுவித் தொடர்ந்து பயன்படுத்த முடியும். அப்படி மாறுவோரை அதிகம் குழப்புவது கிராபிக்ஸ் கார்டுக்கான டிரைவர்தான், குறிப்பாக என்விடியா கார்டு உள்ள கணினிகளில். இதுபற்றிப் பரவலாக எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும்:

டிரைவர் என்றால் என்ன?

கணினியின் ஒரு பாகத்துக்கும் இயங்குதளத்துக்கும் இடையே பேசும் மென்பொருளே டிரைவர். கிராபிக்ஸ் கார்டுக்கான டிரைவர் இருந்தால்தான் திரையில் முழுத் தெளிவும், விளையாட்டு, வீடியோ எடிட்டிங் போன்றவற்றில் முழு வேகமும் கிடைக்கும். அது இல்லாவிட்டாலும் பெரும்பாலான கணினிகளில் திரை அடிப்படை நிலையில் தெரியும். ஆனால், கார்டின் திறன் பயன்படாது.

லினக்ஸுக்கு மாறும் எல்லோரும் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டுமா?

வேண்டியதில்லை. இன்டெல், ஏஎம்டி கார்டுகளுக்கான திறமூல டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுடனேயே வருகின்றன. ஏஎம்டியின் ‘ஏஎம்டிஜிபியு’ டிரைவர் 2015-ல் வெளியான கெர்னல் 4.2 முதல் இடம்பெற்றுள்ளது. தனியாக நிறுவ வேண்டிய தேவை பெரும்பாலும் என்விடியா கார்டு வைத்திருப்போருக்கே எழுகிறது.

என்விடியா டிரைவர் மட்டும் ஏன் லினக்ஸுடன் சேர்ந்து வருவதில்லை?

லினக்ஸ் கெர்னல், மூல நிரலைத் திறந்து வைக்கக் கோரும் ஜிபிஎல் 2 உரிமத்தின் கீழ் வெளியாகிறது. என்விடியாவின் டிரைவர் பல ஆண்டுகளாக மூடிய நிரலாகவே இருந்ததால், அதில் சேர வழியில்லாமல் போனது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 2012-ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக நிகழ்ச்சியில் இதற்காக என்விடியாவை வெளிப்படையாகக் கடுமையாகச் சாடினார். டிரைவரின் கெர்னல் பகுதியை மட்டும் திறமூலமாக என்விடியா வெளியிட்டது 2022 மே மாதத்தில்தான்.

‘நோவோ’ என்ற இலவச டிரைவர் ஏற்கெனவே இருக்கிறதே, அது போதாதா?

இணையம், அலுவலகப் பணி, வீடியோ பார்ப்பது ஆகியவற்றுக்குப் பல கணினிகளில் நோவோ போதும். தன்னார்வலர்கள் உருவாக்கிய இந்த டிரைவர் 2010-ல் வெளியான கெர்னல் 2.6.33 முதல் லினக்ஸுடன் வருகிறது. ஆனால், ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளில் வேகத்தைக் கூட்டுவதற்கு என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் தேவைப்படுவதால், நோவோவில் அவை குறைந்த வேகத்திலேயே ஓடுகின்றன. செயற்கை நுண்ணறிவு, பிளெண்டர் போன்ற பணிகளுக்குத் தேவையான ‘கூடா’ வசதியும் நோவோவில் இல்லை.

என்விடியா டிரைவருக்குக் கட்டணம் உண்டா?

இல்லை. இந்த டிரைவருக்கு அடைமொழியாக வரும் ‘தனியுரிம’ என்ற சொல், மூல நிரல் மூடியிருப்பதையும் உரிமம் நிறுவனத்திடம் இருப்பதையும் குறிக்கிறதே தவிர, விலையை அல்ல. இதை நிறுவித் தருவதாகக் கூறிப் பணம் கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டியதில்லை.

கணினியில் எந்தக் கார்டு உள்ளது என்பதை எப்படி அறிவது?

லினக்ஸ் பதிப்புகளில் ஒன்றான உபுண்டுவில் செட்டிங்ஸ் பகுதியில் ‘சிஸ்டம்’, ‘அபவுட்’ என்று சென்றால் கணினியின் விவரங்களுடன் கிராபிக்ஸ் கார்டின் பெயரும் தெரியும். எந்த லினக்ஸிலும் டெர்மினலில் ‘எல்எஸ்பிசிஐ’ என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் கொடுத்து, ‘விஜிஏ’ அல்லது ‘3டி’ என்று தொடங்கும் விவரத்தைப் பார்க்கலாம். கார்டின் பெயரையும் எண்ணையும் முதலில் குறித்துக்கொள்வது அவசியம்; எந்த டிரைவர் பொருந்தும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

எந்தக் கார்டுக்கு எந்த டிரைவர்?

ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைகளும் அவற்றுக்குப் பின் வந்தவையும் இப்போதைய புதிய டிரைவர்களை ஏற்கும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்குக் குறைந்தது 570 பதிப்பு தேவை. ஜிடிஎக்ஸ் 750, 900, 1000 வரிசைகளுக்கு 580 பதிப்பே கடைசி. ஜிடிஎக்ஸ் 600 வரிசைக்கும் 700 வரிசையின் பெரும்பாலான கார்டுகளுக்கும் ஆதரவு 470 பதிப்புடன் முடிந்துவிட்டது; அவற்றுக்கும் அவற்றைவிடப் பழையவற்றுக்கும் நோவோவே பாதுகாப்பான தேர்வு.

ஜிடிஎக்ஸ் 1050 போன்ற கார்டுகள் இனிப் பயன்படாதா?

தொடர்ந்து பயன்படும். 580 பதிப்பு நிறுவப்பட்டிருக்கும்வரை அவை வழக்கம்போல் இயங்கும். 590 பதிப்பு முதல்தான் அவற்றுக்கு ஆதரவு இல்லை. எனவே, ‘புதியதே நல்லது’ என்று பெரிய எண்ணைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. 2025 டிசம்பரில் ஆர்ச் லினக்ஸ் 590-க்கு மாறியபோது, இந்த வரிசைக் கார்டு வைத்திருப்போர் 580-க்கான தனித் தொகுப்புக்கு மாற வேண்டும் என்று அறிவித்தது.

உபுண்டுவில் எப்படி நிறுவுவது?

உபுண்டுவை நிறுவும்போதே, கிராபிக்ஸ், வைஃபை கருவிகளுக்கான மூன்றாம் தரப்பு மென்பொருளைச் சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தை டிக் செய்தால் டிரைவர் தானாகச் சேர்ந்துவிடும். அதைத் தவறவிட்டால், ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ என்ற செயலியைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்டதைத் தேர்வு செய்து, ‘அப்ளை சேஞ்சஸ்’ பொத்தானை அழுத்த வேண்டும். முடிந்ததும் கணினியை ரீஸ்டார்ட் செய்தால்தான் புதிய டிரைவர் செயல்படும்.

அந்தப் பட்டியலில் ஐந்தாறு பெயர்கள் தெரிகின்றனவே, எதைத் தேர்வு செய்வது?

‘டெஸ்டட்’ அல்லது ‘ரெகமெண்டட்’ என்று குறிக்கப்பட்டதே கணினியில் உள்ள கார்டுக்குப் பொருத்தமானது. ‘சர்வர்’ என்று முடிபவை தரவு மையக் கணினிகளுக்கானவை. வீட்டுக் கணினிக்கு அவை தேவையில்லை. ‘ஓபன்’ என்று முடிபவை திறமூலக் கெர்னல் பகுதியைக் கொண்டவை.

‘ஓபன்’ டிரைவரும் நோவோவும் ஒன்றுதானா?

இல்லை. ‘ஓபன்’ என்பது என்விடியாவே வெளியிடும் டிரைவர். அதில் கெர்னலுக்குள் ஓடும் பகுதி மட்டுமே திறமூலம், மற்றவை மூடிய நிரலாகவே உள்ளன. ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைகள் முதல் இதைப் பயன்படுத்தலாம். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு இது கட்டாயம். ஜிடிஎக்ஸ் 1000 வரிசையிலும் அதற்கு முந்தைய கார்டுகளிலும் இது இயங்காது.

மின்ட், ஃபெடோரா, டெபியன் பயன்படுத்துவோர் என்ன செய்ய வேண்டும்?

லினக்ஸ் மின்ட்டில் ‘டிரைவர் மேனேஜர்’ செயலி உபுண்டுவின் முறையிலேயே இந்த வேலையைச் செய்கிறது. ஃபெடோராவில் மூன்றாம் தரப்புக் களஞ்சியங்களுக்கு அனுமதி கொடுத்த பின், ‘சாஃப்ட்வேர்’ செயலியிலிருந்தே நிறுவலாம். நம்பகமான கையொப்பம் இல்லாத மென்பொருளைத் தடுக்கும் ‘செக்யூர் பூட்’ இயங்கும் கணினிகளில் இந்த வசதி 2024 அக்டோபரில் வெளியான ஃபெடோரா 41 முதல் கிடைக்கிறது. டெபியனில் ‘நான்-ஃப்ரீ’ களஞ்சியத்தை இயக்கி, கெர்னல் ஹெடர் தொகுப்பையும் டிரைவர் தொகுப்பையும் சேர்த்து நிறுவ வேண்டும்.

என்விடியா இணையதளத்திலிருந்து நேரடியாக இறக்கி நிறுவலாமா?

முடியும், ஆனால், தேவையின்றி அந்த வழிக்குப் போகாமல் இருப்பதே நல்லது. அங்கே கிடைக்கும் ‘ரன்’ கோப்பு, லினக்ஸின் வழக்கமான அப்டேட் முறைக்குள் வராது. கெர்னல் மாறும்போது டிரைவர் செயலிழக்க வாய்ப்புண்டு. அந்தந்த லினக்ஸ் பதிப்பு வழங்கும் தொகுப்பே அதனுடன் நன்றாகப் பொருந்தக்கூடும் என்று என்விடியாவின் பதிவிறக்கப் பக்கமே குறிப்பிடுகிறது.

எவ்வளவு நேரமும் டேட்டாவும் செலவாகும்?

பதிவிறக்கத்துக்குச் சில நூறு எம்பி டேட்டா தேவைப்படும். மொபைல் ஹாட்ஸ்பாட் பயன்படுத்துவோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஃபெடோராவில் நிறுவி முடிந்ததாகத் திரை காட்டிய பிறகும், டிரைவர் பின்னணியில் உருவாகச் சுமார் ஐந்து நிமிடங்கள் ஆகலாம். அதற்குள் ரீஸ்டார்ட் செய்வதைத் தவிர்க்க வேண்டும்.

நிறுவும்போது பாஸ்வேர்டு கேட்கிறது; ரீஸ்டார்ட் செய்தால் நீலத் திரை வருகிறது. ஏதும் கோளாறா?

கோளாறு இல்லை. செக்யூர் பூட் இயங்கும் கணினியில், நம்பகமான கையொப்பம் உள்ள டிரைவருக்கு மட்டுமே கெர்னலில் அனுமதி; அதற்கான சாவியைப் பதிவு செய்யும் திரைதான் அது. ஏதேனும் ஒரு விசையை அழுத்தி, ‘என்ரோல் எம்ஓகே’, ‘கன்டினியூ’, ‘யெஸ்’ என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து, நிறுவும்போது கொடுத்த பாஸ்வேர்டையே மீண்டும் தர வேண்டும். உபுண்டுவில் ஏற்கெனவே கையொப்பமிட்ட தொகுப்பு கிடைத்துவிட்டால் இந்தத் திரை வராமலும் போகலாம்.

அந்த பாஸ்வேர்டு எப்படி இருக்க வேண்டும்?

உபுண்டுவில் 8 முதல் 16 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். நீலத் திரையில் தட்டச்சு செய்வது கண்ணுக்குத் தெரியாது என்பதால், சிறப்புக் குறிகளைத் தவிர்த்து, ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டும் கொண்டதாக வைப்பது எளிது. இந்த பாஸ்வேர்டு ஒருமுறை சாவியைப் பதிவு செய்வதற்கு மட்டுமே; கணினியில் உள்நுழையும் பாஸ்வேர்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

நீலத் திரையைக் கவனிக்கத் தவறிவிட்டால்?

அந்தத் திரை 10 விநாடிகள் மட்டுமே காத்திருக்கும். எந்த விசையும் அழுத்தப்படாவிட்டால் கணினி வழக்கம்போல் துவங்கிவிடும். சாவி பதிவாகாததால் டிரைவர் நிறுவப்பட்டிருந்தும் இயங்காது. சாவியைப் பதிவு செய்யும் கோரிக்கையை மீண்டும் அளித்துவிட்டு, அடுத்த ரீஸ்டார்ட்டின்போது திரையின் முன் இருக்க வேண்டும்.

செக்யூர் பூட்டையே அணைத்துவிட்டால் என்ன?

பயாஸ் அமைப்பில் அதை அணைத்தால் கையொப்பச் சிக்கல் எழாது; ஆனால், கணினி துவங்கும்போது கிடைக்கும் ஒரு பாதுகாப்பு அடுக்கு போய்விடும். அதே கணினியில் விண்டோஸும் இருந்து, பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருந்தால், விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். சாவியைப் பதிவு செய்யும் வழியே மேலானது.

டிரைவர் சரியாக நிறுவப்பட்டதா என்று எப்படி உறுதி செய்வது?

டெர்மினலில் ‘என்விடியா-எஸ்எம்ஐ’ என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். கட்டம் போட்ட ஓர் அட்டவணை தோன்றி, மேல் வரியில் டிரைவரின் பதிப்பு எண்ணும், அதன் கீழ் கார்டின் பெயர், வெப்பநிலை, நினைவகப் பயன்பாடு ஆகியவையும் தெரிந்தால் டிரைவர் இயங்குகிறது என்று பொருள். டிரைவருடன் தொடர்புகொள்ள முடியவில்லை என்ற செய்தி வந்தால், செக்யூர் பூட் சாவி பதிவானதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ரீஸ்டார்ட் செய்த பின் திரை முழுக்கக் கறுப்பாகிவிட்டால்?

கணினி துவங்கும்போது ‘எஸ்கேப்’ அல்லது ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்தி, ‘கிரப்’ என்ற துவக்கப் பட்டியலில் பழைய கெர்னலையோ ‘ரெகவரி மோட்’ என்பதையோ தேர்வு செய்து உள்ளே செல்லலாம். அங்கிருந்து டிரைவரை நீக்கி, வேறு பதிப்பை நிறுவலாம். உபுண்டுவை முதன்முதலாக நிறுவும்போதே திரை கறுத்தால், துவக்கப் பட்டியலில் உள்ள ‘சேஃப் கிராபிக்ஸ்’ வழியைத் தேர்வு செய்ய வேண்டும். திரை கறுப்பதால் கோப்புகள் எதுவும் அழிவதில்லை.

கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் மறுபடியும் நிறுவ வேண்டுமா?

லினக்ஸ் பதிப்பின் தொகுப்பு வழியாக நிறுவியிருந்தால் வேண்டியதில்லை. உபுண்டுவில் புதிய கெர்னலுக்கு ஏற்ற டிரைவர் தொகுப்பும் உடன் வரும்; டெபியனில் ‘டிகேஎம்எஸ்’, ஃபெடோராவில் ‘ஏகேமோட்’ ஆகியவை டிரைவரைத் தானாகவே மீண்டும் உருவாக்குகின்றன.

லேப்டாப்பில் இன்டெல், என்விடியா இரண்டும் இருந்தால் பேட்டரி சீக்கிரம் தீராதா?

எப்போதும் என்விடியா கார்டே ஓடும்படி வைத்தால் பேட்டரி விரைவில் குறையும். உபுண்டுவிலும் மின்ட்டிலும் இன்டெல் மட்டும், என்விடியா மட்டும், தேவைப்படும்போது மட்டும் என்விடியா என மூன்று நிலைகள் உள்ளன. மூன்றாவதான ‘ஆன் டிமாண்ட்’ நிலையில், அன்றாட வேலைகளை இன்டெல் கவனித்துக்கொள்ளும். கனமான செயலியை மட்டும் அதன் ஐகானை வலது கிளிக் செய்து என்விடியாவில் திறக்கலாம்.

திரையில் காட்சியைக் காட்டும் புதிய முறையான வேலண்டில் திரை மினுக்குகிறது என்கிறார்களே?

பழைய டிரைவர்களில் அந்தச் சிக்கல் இருந்தது. அதற்குத் தீர்வான ‘எக்ஸ்பிளிசிட் சிங்க்’ வசதி 2024-ல் வெளியான 555 பதிப்பு முதல் உள்ளது. 580 பதிப்பு வரை ஏற்கும் பழைய கார்டுகளும் இந்தப் பலனைப் பெறும்; 470 பதிப்புடன் நின்ற கார்டுகளுக்கு இது கிடையாது.

பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா?

முடியும். ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ அல்லது ‘டிரைவர் மேனேஜர்’ பட்டியலில் நோவோவைத் தேர்வு செய்து ரீஸ்டார்ட் செய்தால் போதும். லினக்ஸ் மின்ட்டுடன் வரும் ‘டைம்ஷிஃப்ட்’ செயலியில் முன்கூட்டியே ஒரு பதிவு எடுத்து வைத்திருந்தால், கணினி அமைப்பு முழுவதையும் அந்த நாளைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

நிறுவும் முன் செய்து வைக்க வேண்டியவை என்னென்ன?

கார்டின் பெயரும் எண்ணும், அது ஏற்கும் கடைசி டிரைவர் பதிப்பும் ஒரு தாளில் குறிக்கப்பட வேண்டும். முக்கியக் கோப்புகளுக்கு வேறொரு டிஸ்க்கில் நகல் இருக்க வேண்டும்; விண்டோஸும் உள்ள கணினியில் பிட்லாக்கர் மீட்புச் சாவியையும் எழுதி வைக்க வேண்டும். இந்த முன்னேற்பாடுகளுடன் லினக்ஸ் பதிப்பின் சொந்தத் தொகுப்பையே பயன்படுத்தினால், ஜிடிஎக்ஸ் 750 முதலான பத்து ஆண்டுப் பழைய கார்டும் இன்னும் உழைக்கும்.