எடைக்கூலியும் இளங்கொழுந்தும்

உழைப்புக்கு ஈடாகப் பெறும் ஊதியம் கூலி எனப்படும். கூலி வழங்கும் முறைகளுள் இரண்டு முதன்மையானவை. வேலை செய்த காலத்தைக் கணக்கிட்டுக் கொடுப்பது நாட்கூலி. செய்து முடித்த அளவைக் கணக்கிட்டுக் கொடுப்பது அளவுக்கூலி. செங்கல் அறுப்போர் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு எனப் பெறுவது அளவுக்கூலியாகும். கூலி முறை மாறினால் செய்பொருளின் தரமும் மாறும். இதனைத் தேயிலைத் தோட்டத்தின் வாயிலாக அறியலாம்.

கேரளத்தின் மூணாறு மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. தமிழ்நாட்டிலிருந்து சென்று குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் பலர் அங்குக் கொழுந்து பறிக்கின்றனர். நுனியிலுள்ள ஒரு மொட்டும் அதையடுத்த இரண்டு இளம் இலைகளுமே நல்ல தேயிலைக்கு உரியவை. முற்றிய இலை கலந்தால் தேநீரின் சுவையும் மணமும் குறையும்.

இங்கு இருவகைக் கூலியும் இணைந்தே வழங்குகின்றன. வரையறுத்த அளவு கொழுந்து பறித்தால் நாட்கூலி கிடைக்கும். அதற்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் தொகை உண்டு. தராசு எடையை மட்டுமே காட்டும், இளமையைக் காட்டாது. நாட்கூலி குடும்பச் செலவுக்குப் போதாதபோது, கை விரைகிறது. முற்றிய இலையும் கூடையில் விழுகிறது. நாட்கூலி மட்டுமே இருந்தாலோ, மிகுதியாகப் பறிப்பவருக்கும் குறைவாகப் பறிப்பவருக்கும் ஒரே ஊதியம். விரைந்து உழைக்கும் ஊக்கம் குறையும்.

2015இல் மூணாறுப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயரில் ஒன்றுகூடி, கூலி உயர்வு கேட்டுப் போராடினர். அப்போது நாட்கூலி 232 ரூபாய். பேச்சுவார்த்தையின் முடிவில் அது 301 ரூபாயாக உயர்ந்தது. ஆனால், பறிக்க வேண்டிய அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்த்தப்பட்டது. கூலியைப் போலவே அளவும் உழைப்பவரின் வாழ்வைத் தீர்மானிக்கிறது என்பது இதனால் விளங்கும்.

அளவுக்கூலி எப்போதும் தரத்தைக் கெடுக்குமா? அமெரிக்காவில் வண்டிகளுக்குக் கண்ணாடி பொருத்தும் சேஃப்லைட் நிறுவனம், 1990களின் நடுவில் மணிக்கூலியிலிருந்து அளவுக்கூலிக்கு மாறியது. அதனை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் எட்வர்டு லேசியர், ஒரு தொழிலாளி முடிக்கும் வேலை சராசரியாக 44 விழுக்காடு உயர்ந்ததைக் கண்டார். பிழையாகப் பொருத்தியவரே அதனைக் கூலியின்றித் திருத்த வேண்டும் என்ற விதியால் தரம் காக்கப்பட்டது. குறைந்த அளவு ஊதியத்துக்கும் அங்கு உறுதி இருந்தது. கண்ணாடியைப் பொருத்தியவர் யார் என்பதை அறிய முடியும். ஆலையில் கொட்டிய கொழுந்தைப் பறித்தவர் யார் என்பதை அறிய முடியாது. எனவே, கொழுந்தின் தரத்தை எடை போடும் இடத்திலேயே பார்த்தாக வேண்டும்.

இந்தியாவில் 1948இல் இயற்றப்பட்ட குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், அளவுக்கூலி பெறுவோருக்குக் காலத்தின் அடிப்படையில் உறுதியான கூலியை வரையறுக்க இடமளித்தது. வாழ்வுக்குப் போதிய கூலியும், தரத்தை மதிக்கும் கணக்கும் சேரும் இடத்திலேயே நல்ல பொருள் விளையும்.

வினாக்கள்
1. நாட்கூலிக்கும் அளவுக்கூலிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. முற்றிய இலை கூடையில் சேர்வதற்குக் காரணம் என்ன?
3. உங்கள் ஊரில் அளவுக்கூலி பெறும் தொழில் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.