முப்பதுக்கு மேல் பிளாஞ்ச் பழகலாமா?

காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களுக்குக் கயிறும் பாரும் பழக்கமானவை. ஆண்களுக்கான உடல்திறன் தேர்வில் கயிறு ஏறுதல் உண்டு. ஐந்து மீட்டருக்கு ஒரு ஸ்டார், ஆறு மீட்டருக்கு இரண்டு. உடுமலைப்பேட்டை மாதிரி ஊர்களில் தேர்வு முடிந்து, வேலை, கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகும் பார் ஆசை விடாதவர்கள் இருக்கிறார்கள். செல்போனில் யாரோ பிளாஞ்ச் போடுவதைப் பார்த்ததும் "இந்த வயசுல நமக்கு வருமா?" என்று கேட்கிறார்கள். வரும். ஆனால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் பிளாஞ்ச் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். உள்ளங்கை மட்டும் தரையில் பட, முழங்கை மடங்காமல், உடம்பு முழுவதும் தரைக்கு இணையாக அந்தரத்தில் நிற்பது பிளாஞ்ச். மயூராசனம் செய்தவர்களுக்கு இந்த உருவம் பழக்கம்தான். அதில் முழங்கைகள் வயிற்றில் ஊன்றி உடம்பைத் தாங்குகின்றன. பிளாஞ்சில் அந்த ஊன்றுதல் கிடையாது, தோள்பட்டையே மொத்தப் பாரத்தையும் ஏற்க வேண்டும். பாரில் தொங்கியபடி முகம் வானத்தைப் பார்க்க உடம்பைக் கிடைமட்டமாக நிறுத்தினால் அது பிரண்ட் லீவர். இரண்டு வளையங்களைப் பிடித்துக் கைகளைப் பக்கவாட்டில் விரித்து நிற்பது அயர்ன் கிராஸ். 1956, 1960 ஒலிம்பிக்குகளில் வளையத்தில் தங்கம் வென்ற ஆல்பர்ட் அசாரியானைப் புகழ்பெறச் செய்த நிலை அது.

இவை ஏன் இவ்வளவு கடினம்? தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கிறோம். அதையே கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் ஒரு நிமிஷம் தாங்காது. எடை ஒன்றுதான், தோளிலிருந்து அது இருக்கும் தூரம்தான் மாறியது. எழுபது கிலோ ஆளுக்கு இரண்டு கால்களும் சேர்ந்தே இருபது கிலோவுக்கு மேல் வரும். அவற்றை மார்போடு மடக்கிக்கொண்டால் பாரம் தோளுக்கு அருகே வந்துவிடுகிறது. எனவே வழி இதுதான்: முதலில் முழங்காலை மார்போடு மடக்கி நிற்பது; பிறகு முதுகை நிமிர்த்தித் தொடையைச் சற்றுத் தள்ளுவது; அடுத்து ஒரு காலை நீட்டுவது; பிறகு இரண்டு காலையும் அகட்டி நீட்டுவது; கடைசியில் கால்களைச் சேர்ப்பது.

உயரமானவர்கள் மனம் தளர வேண்டாம், ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அதே உடல்வாகில் உயரம் பத்து சதவீதம் கூடினால் எடை 33 சதவீதம் கூடும். தசையின் குறுக்குப் பரப்போ 21 சதவீதம்தான் கூடும். பக்கத்தில் பயிற்சி செய்யும் குள்ளமானவரோடு உங்களை ஒப்பிடுவது நியாயமில்லை.

உண்மையான தடை தசை அல்ல, தசையை எலும்போடு கட்டும் தசைநாண். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வெட்டவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் பெருகியது; அன்று வளர்ந்தவர்களின் உடம்பிலும் அது படிந்தது. அதைத் தடயமாகக் கொண்டு டென்மார்க் ஆய்வாளர்கள் 2013-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: குதிகால் தசைநாணின் உட்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது, அதன்பின் அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. விழுப்புரத்தில் மல்லர் கம்பம் ஏறும் பிள்ளைகள் தசைநாண் வளரும் பருவத்திலேயே அதற்குப் பாரத்தைப் பழக்குகிறார்கள். நமக்கு அந்தக் காலம் போய்விட்டது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 39 வயதில் வளைய இறுதிப் போட்டி ஆடிய பல்கேரியாவின் யோர்டான் யோவ்செவை உதாரணம் காட்டுவார்கள். அவரும் சிறுவயதிலேயே தொடங்கியவர்தான்.

அதற்காகப் பெரியவர்களின் தசைநாண் பலப்படாது என்பதில்லை. தொடர்ந்து பாரம் கொடுத்தால் அதன் விறைப்பு கூடும், ஆனால் மாதக்கணக்கில். தசையோ சில வாரங்களிலேயே பலம் கூட்டிவிடுகிறது. "இன்னிக்கு நல்லா வருதே" என்று தசை சொல்லும்போது, முழங்கையின் உட்பக்கத் தசைநாண் இன்னும் தயாராகியிருக்காது. பெரியவர்களின் காயங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் விளைகின்றன என்பது என் எண்ணம்.

ஆகவே கை மடங்காத பயிற்சிகளை வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு நாளாவது விடுங்கள். ஒரு நிலையில் பத்துப் பன்னிரண்டு விநாடி, வளைவில்லாமல், நான்கைந்து முறை நிற்க வந்தாலும் உடனே அடுத்ததற்குத் தாவாமல் இன்னும் சில வாரம் அங்கேயே இருங்கள். ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை முன்னும் பின்னும் சாய்த்துச் சூடேற்றுங்கள். சுத்தமான தண்டால், எட்டுப் பத்து புல்-அப்ஸ், சுவரைப் பார்த்து நிற்கும் ஹேண்ட்ஸ்டாண்ட் ஒரு நிமிஷம் ஆகியவை கைவந்த பிறகே இவற்றைத் தொடுவது நல்லது. வளையம் வாங்கினால் மரவளையமாகப் பாருங்கள், பிடி வழுக்காது. முதல் சில மாதங்கள் அதில் கையை நீட்டி நிமிர்ந்து நிற்பது மட்டும் போதும். அதுவே தோளை நடுங்க வைக்கும்.

முழங்கை மடிப்பிலோ தோளின் முன்புறமோ பயிற்சி முடிந்து மறுநாள் காலையும் வலி இருந்தால், முந்தைய நிலைக்கு இறங்குங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தணியாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

எதில் தொடங்குவது என்று கேட்டால் பிரண்ட் லீவரைத்தான் சொல்வேன். பாரில் தொங்கும்போது மணிக்கட்டு மடங்குவதில்லை, முழங்கையின் இருதலைத் தசைநாண் மேல் பிளாஞ்ச் அளவுக்கு இழுப்பும் விழாது. ஒழுங்காகப் பழகினால் ஓரிரு வருஷத்தில் கால் அகட்டிய நிலை பலருக்கும் எட்டும். பிளாஞ்சுக்கு அதைவிட அதிக வருஷம் ஒதுக்கி வையுங்கள்.