கைபேசிச் சலனப்படமும் நுணுக்கத்தின் விலையும்

எம் ஆசிரியரொருவர் ஓய்வுபெற்ற நாளில் நிகழ்ந்த பிரிவுபசாரக் கூட்டத்தில், அவர்தம் சொற்பொழிவை முழுவதும் படம்பிடிக்க விழைந்து, எமது கைபேசியில் அமைந்துள்ள மிகவுயர்ந்த நுணுக்கத்தையே தேர்ந்தோம். சொற்பொழிவு பாதியளவு நிகழுமுன் கருவி கையிற் சுட்டது. வெப்பம் மிகுந்ததென அறிவித்துப் படப்பிடிப்பும் நின்றது. அவர் மாணவர்க்கு இறுதியாகக் கூறிய மொழிகள் எம்மிடம் இல்லை. இவ்விழப்பின் காரணத்தை ஆராய்ந்து யாம் அறிந்தவற்றை ஈண்டுக் கூறுவோம்.

சலனப்படமென்பது வினாடிக்கு 24, 30 அல்லது 60 வீதம் எடுக்கப்பெறும் நிலைப்படங்களின் வரிசையேயாம். ஒவ்வொரு படமும் நுண்ணிய புள்ளிகளாலாயது. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட படத்தில் சுமார் 20 லட்சம் புள்ளிகள் உள. 4கே எனப்படும் படத்திலோ 3840-க்கு 2160 ஆகச் சுமார் 83 லட்சம். அஃதாவது நான்கு மடங்கு. 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி எஸ்20 கைபேசி, 3 கோடியே 31 லட்சம் புள்ளிகளுடைய 8கே படத்தையும் எடுக்க வல்லதாயிற்று.

இத்துணைப் புள்ளிகளையும் அவ்வாறே எழுதிவைப்பின் கைபேசியில் இடம் விரைவில் நிரம்பிவிடும். ஆதலின் கைபேசி, அடுத்தடுத்த படங்களில் மாறாத பகுதியை விடுத்து, மாறியதை மட்டுங் குறித்துச் சுருக்குகின்றது. அங்ஙனஞ் சுருக்கியும், ஐபோனில் வினாடிக்கு 30 படம் வீதம் எடுக்குங்கால், முதலிற் கூறிய அளவிற்கு நிமிடத்திற்குச் சுமார் 60 மெகாபைட்டும், 4கே அளவிற்குச் சுமார் 170 மெகாபைட்டும் வேண்டும். ஒரு மணி நேரத்திற்கு இவை முறையே 3.6, 10.2 ஜிகாபைட்டாம்.

சுருக்குதற்கு ஓயாத கணக்கு வேண்டும். கணக்கு மின்கலத்தைக் குறைத்து வெப்பத்தைப் பெருக்கும். கைபேசியினுள் பெரும்பாலும் விசிறி இல்லாமையால், வெப்பம் எல்லை கடப்பின் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தொழிலை நிறுத்திவிடும். எமக்கு நேர்ந்தது இதுவே.

ஒளியும் கருதற்பாலது. வினாடிக்கு 60 படம் எடுப்பின், ஒவ்வொரு படமும் வினாடியின் அறுபதிலொரு பங்கிற்கு மேல் ஒளியைப் பெறாது. மங்கிய மண்டபத்தில் அவ்வேகம் தெளிவைக் கெடுக்கும். மேலும், நுணுக்கம் எத்துணை உயரினும் ஒலி அதனால் சிறிதும் திருந்தாது.

எனினும் 4கே வீணன்று. பின்னர் ஒரு பகுதியை வெட்டியெடுத்துப் பெரிதாக்கவும், பெருந்திரையிற் காட்டவும் அது பெரிதும் உதவும். பறவையையோ பழஞ்சுவடியையோ சில நிமிடம் படம்பிடிப்பார்க்கு அதுவே ஏற்றது. நெடிய சொற்பொழிவிற்கும், கைபேசித் திரையிலேயே காணுதற்கும் 1080 அளவே சாலும்.

ஆகவே, நண்பர்காள், பொத்தானை அழுத்துமுன் மூன்று வினவுமின்: எத்துணை நேரம் எடுப்போம்? எவ்வொளியில் எடுப்போம்? எதிற் காண்போம்? ஆசிரியரின் முகத்து ஒவ்வொரு சுருக்கத்தையும் தெளிவாகப் பெற்றோம்; அவர் சொல்லைப் பெற்றிலோம். இவ்விழப்பு நுமக்கு நேராதிருப்பதாக.