பழுத்ததா, பழுக்க வைத்ததா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் தென்காசிச் சாலையோரங்களில் பழக்கடைகள் நிறைந்துவிடும். மாணவர்கள் வாங்கி உண்ணும் அப்பழங்களையே வேதியியல் பாடத்திற்குத் துணைக்கருவியாகக் கொள்ளலாம்.

மா, வாழை போன்றவை பறித்த பின்னும் பழுக்கும். அவை தாமே வெளியிடும் எத்திலீன் வாயுவே அதைத் தூண்டுகிறது. ரம்புட்டானோ மரத்திலேயே பழுத்தாக வேண்டும். மாங்காயை விரைவில் பழுக்க வைக்கச் சிலர் கால்சியம் கார்பைடு கல்லைப் பயன்படுத்துகின்றனர். ஈரம் பட்டதும் அது அசிட்டிலீனை வெளியிடும். அசிட்டிலீனும் எத்திலீனைப் போலவே செயல்படும். ஆனால் அக்கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்கள் மாசாகக் கலந்திருக்கலாம். எனவே 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை இதைத் தடை செய்துள்ளது. எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் வரை அனுமதி உண்டு.

வகுப்பில் செய்து பார்க்க: ஒரே முதிர்ச்சியுள்ள இரு மாங்காய்களைத் தனித்தனிக் காகிதப் பைகளில் இடுங்கள். ஒன்றில் மட்டும் பழுத்த வாழைப்பழம் ஒன்றையும் வையுங்கள். நிறம், மணம், மென்மை ஆகியவற்றை மாணவர்கள் நாள்தோறும் குறிக்கட்டும். கார்பைடு கல்லை மட்டும் வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

தோல் மஞ்சளாகியும் உள்ளே புளிக்கும் பழம் ஏன்? மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுமுன் தோல் நிறம் மாறிவிடுவதே காரணம். நிறத்தை மட்டும் நம்பாமல் மணத்தையும் பார்த்து வாங்கவும், நன்கு கழுவி உண்ணவும் மாணவர்கள் பழகட்டும்.