சேமிப்புக்கலங்களின் நாடி

மின்வழங்கல் திடீரெனத் தடைப்பட்டவிடத்தும் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கூடமும், தொலைபேசி நிலையமும், கணினி மையமும் ஓயாது தொழிற்படுதல் வேண்டும். தீசல் மின்பிறப்பாக்கி இயங்கத் தொடங்கி நிலைபெறுவதற்குச் சில செக்கன்களேனும் செல்லும். அவ்விடைவெளியைத் தாங்குவன சேமிப்புக்கலங்களே. உபமின்னிலையங்களில் அவற்றின் பொறுப்பு இன்னும் பெரிது. உயரழுத்தக் கம்பியிற் குறுஞ்சுற்று நேரின், அதனைத் துண்டிக்கும் சுற்றுடைப்பானைத் திறப்பதற்கு வேண்டிய மின்னோட்டம் அங்குள்ள கலவடுக்கிலிருந்தே பெறப்படுகின்றது. அக்கணத்திற் கலவடுக்குத் தவறுமாயின் சுற்றுடைப்பான் திறவாது. பெறுமதி மிக்க மின்மாற்றி எரிந்தழியவுங்கூடும்.

2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆந் திகதி யப்பானின் புக்குசிமா டைச்சி அணுமின்னிலையத்தை ஆழிப்பேரலை தாக்கியபொழுது, 1ஆம், 2ஆம் உலைகளுக்குரிய நேரோட்ட வழங்கலும் அற்றுப்போயிற்று. உலையினுள் நீர்மட்டம் யாதென்று காட்டுங் கருவிகள் செயலிழந்தன. தொழிலாளர் மோட்டார் வண்டிகளின் மின்கலங்களைத் திரட்டித் தொடராக இணைத்து அக்கருவிகளுக்கு மீண்டும் உயிரூட்ட முயன்றனர். அங்குக் கேடு விளைத்தது வெள்ளமேயன்றிக் கலங்களின் முதுமையன்று. எனினும், ஏனைய வழிகள் யாவும் அடைபட்டபின் எஞ்சி நிற்கும் இறுதித் துணை கலவடுக்கே என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்திற்று.

ஆண்டுக்கணக்காக வாளா இருந்து, வேண்டிய ஒரு கணத்தில் முழுவலியோடு எழவேண்டிய இச்சாதனம் நலமாயுள்ளதா என்பதை முன்னதாகவே அறிவது எங்ஙனம்? இவ்வினாவுக்குரிய விடைகளுள் ஒன்றே தடங்கலளவீடு.

ஈயவமிலச் சேமிப்புக்கலத்தைப் பிரான்சியரான கஸ்தோன் பிளாந்தே 1859இல் ஆக்கினார். இக்கலம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 வோல்ற்று தருவது. எனவே 48 வோல்ற்றுத் தொலைபேசி வழங்கலுக்கு 24 கலங்களும், 110 வோல்ற்று உபமின்னிலையத்துக்கு 55 கலங்களும் தொடராக இணைக்கப்படும். தொடரிணைப்பில் எல்லாக் கலங்களினூடும் ஒரே மின்னோட்டமே பாயவேண்டும். ஆதலின் ஐம்பத்துநான்கு கலங்கள் நன்னிலையிலிருப்பினும் எஞ்சிய ஒன்றில் வழி அறுமாயின் அடுக்கு முழுவதும் பயனற்றதாகும்.

அக்குறையை வோல்ற்றுமானி கொண்டு காணலாகாதோ எனின், பெரும்பாலும் இயலாது. காத்திருக்குங் காலத்தில் மின்னேற்றியானது கலம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.25 வோல்ற்று வீதம் அளித்து அடுக்கை நிறைவாக வைத்திருக்கும். அப்பொழுது பாயும் மின்னோட்டம் மிகச் சிறிது. ஒரு கலத்தின் முடிவிடத்தில் அரிப்பு ஏற்பட்டு, அதன் அகத்தடை 0.5 மில்லியோமிலிருந்து 5 மில்லியோமாக உயர்ந்ததெனக் கொள்க. ஏற்றவோட்டம் 0.1 அம்பியராயின் அத்தடையிலே தோன்றும் அழுத்தவீழ்ச்சி 0.5 மில்லிவோல்ற்று மட்டுமே. மானியின் முள் அதனை உணராது. மின்வழங்கல் நின்று 100 அம்பியர் பாயத் தொடங்கியதும் அதே தடை 0.5 வோல்ற்றை விழுங்கிவிடும். அங்கே 50 உவாற்று வெப்பமும் பிறக்கும். அமைதிக் காலத்தில் ஒளிந்திருக்கும் நோய் நெருக்கடியிலேயே வெளிப்படுவதன் காரணம் இதுவே.

முற்காலத்துக் கலங்கள் கண்ணாடிப் பாத்திரங்களில் அமைந்தவை. தகடுகளின் நிறத்தையும், அடியிற் படியும் வண்டலையும் கண்ணாற் காணலாம். அமிலத்தின் அடர்த்தியை நீர்மானியால் அளக்கலாம். இன்று பெருவழக்கிலுள்ள வால்வு பொருத்திய அடைப்புக்கலங்களில் இவ்விரண்டும் இயலா. கண்ணாடி நார்ப்பாயில் அமிலம் ஊறியிருக்கும். நீர் வற்றினும் மீள ஊற்றுதற்கு வழியில்லை. சுமையை ஏற்றி முழுமையாக மின்னிறக்கிப் பார்க்கும் சோதனை ஐயத்துக்கிடமற்றது. ஆயின் அதற்குப் பல மணி நேரம் வேண்டும். மீண்டும் ஏற்றி முடியுமட்டும் நிலையம் காவலற்றிருக்கும். எனவே கலம் கடமையிலிருக்கும்பொழுதே விரைவிற் பார்க்கக்கூடிய ஒரு நாடி தேவையாயிற்று.

ஆடலோட்டத்துக்கு ஒரு சுற்றுக் காட்டும் மொத்த எதிர்ப்பே தடங்கல் எனப்படும். அதற்குரிய ஆங்கிலப் பெயரை 1886இல் வழங்கியவர் ஒலிவர் எவிசைட்டு என்னும் ஆங்கில அறிஞர். செருமானியரான கோல்றாசு மின்பகுதிரவங்களின் கடத்துதிறனை ஆடலோட்டங் கொண்டு அளக்கும் வழியை அதற்கு முன்னரே வகுத்திருந்தார். கலத்தைச் சோதிக்கும் கருவி, சிறியதோர் ஆடலோட்டத்தைக் கலத்தினூடு செலுத்தி, அதனால் முடிவிடங்களில் எழும் ஆடலழுத்தத்தை அளக்கின்றது. அழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுக்கக் கிடைப்பது தடங்கல். 1 அம்பியருக்கு 0.5 மில்லிவோல்ற்று எழுமாயின் தடங்கல் 0.5 மில்லியோம் ஆகும். இணைக்குங் கம்பிகளின் தடையே இதனினும் பெரிதாதலால், மின்னோட்டத்தைச் செலுத்த இரண்டும் அழுத்தத்தை அளக்க வேறிரண்டுமாக நான்கு கம்பிகள் வேண்டும். அழுத்தமளக்குங் கம்பிகளில் ஓட்டம் மிக அற்பமாதலின் அவற்றின் தடை கணக்கிற் புகாது.

இத்தடங்கலில் இரு கூறுகள் உள. முடிவிடம், தகட்டின் ஈயச்சட்டம், இணைப்புப்பட்டை, அமிலம் ஆகியவற்றின் தடை ஒரு கூறு. தகட்டின் மேற்பரப்பில் நிகழும் இரசாயனத்தாக்கத்தைச் சார்ந்த எதிர்ப்பு மற்றையது. தகடும் அமிலமுஞ் சந்திக்கும் மேற்பரப்பு ஒடுக்கி போலத் தொழிற்படுவதால், உயர்ந்த மீடிறனில் ஓட்டம் அதனூடாகவே சென்று இரண்டாவது கூற்றைத் தவிர்த்துவிடும். ஆகவே செக்கனுக்கு 1000 அலைவுகளில் அளப்பின் உலோகத்தினதும் அமிலத்தினதும் நிலையே பெரிதும் புலனாகும். மீடிறன் குறையக் குறைய இரசாயனக் கூறும் வெளிப்படும். ஈயச்சட்டம் அரிபடுதல், நீர் வற்றுதல், தகட்டில் ஈயச்சல்பேற்றுக் கடினமாகப் படிதல், இணைப்புத் தளர்தல் என்னும் நோய்களெல்லாம் தடங்கலை உயர்த்துவன.

ஆயின் தனியோர் அளவு தன்னளவிற் பொருளுடையதன்று. கலத்தின் பருமன், ஆக்கமுறை, கருவியின் மீடிறன் ஆகியவற்றுக்கேற்ப அது வேறுபடும். புதிய கலங்கள் நிறுவப்பட்டுச் சில மாதங்களில் நிலைபெற்றபின் ஒவ்வொன்றையும் அளந்து மூல அளவாகக் குறித்தல் வேண்டும். பின்னர் அதே வகைக் கருவியால், அதே இடந்தொட்டு, முழு ஏற்றத்துடன், ஒத்த வெப்பநிலையிற் காலந்தோறும் அளந்து ஒப்பிடல் வேண்டும். வெப்பந் தாழின் தடங்கல் உயருமாதலால் குளிர்ந்த காலை அளவையும் வெப்பமான பிற்பகல் அளவையும் ஒப்பிடுவது தவறான முடிபுக்கு இட்டுச்செல்லும். 24 கலங்களுள் 23 கலங்கள் 0.50க்கும் 0.54க்கும் இடைப்பட்ட மில்லியோம் காட்ட, ஒன்று மட்டும் 0.80 காட்டுமாயின் முதலில் அதன் இணைப்புகளைத் துப்புரவு செய்து இறுக்கி மீள அளத்தல் வேண்டும். பின்னும் குறையாதாயின் நோய் கலத்தினுள்ளேயே உளது. மூல அளவினின்று 30 முதல் 50 சதவீதம் வரை உயர்ந்த கலத்தை ஐயத்துக்குரியதாகக் கொள்வது வழக்கம்.

இம்முறைக்கும் எல்லையுண்டு. கலத்தில் எத்தனை அம்பியர்மணி எஞ்சியுள்ளதென்று தடங்கல் நேரே கூறாது. கொள்ளளவு குறித்த அளவின் 80 சதவீதத்துக்குத் தாழ்ந்ததும் நிலையக்கலங்களை மாற்றவேண்டும் என்பது பொறியியலாளர் கொள்ளும் விதி. தகட்டிலுள்ள செயற்படுபொருள் இளகிப் பயனிழந்தவிடத்து, தடங்கல் பெரிதும் மாறாதிருக்கவே கொள்ளளவு இவ்வெல்லைக்குக் கீழே செல்லுதலுங் கூடும். ஆதலின் தடங்கல் மிக உயர்ந்த கலத்தை நம்பலாகாது என்பது உறுதி. உயராத கலத்தை முற்றாக நம்பலாம் என்பது உறுதியன்று. இறுதித் தீர்ப்பு மின்னிறக்கச் சோதனைக்கே உரியது. அச்சோதனையை எவ்வடுக்குக்கு முதலில் நடத்தவேண்டும், எக்கலத்தைக் கூர்ந்து நோக்கவேண்டும் என்பவற்றைச் சுட்டிக்காட்டுதலே தடங்கலளவீட்டின் பணி.

கருவியின் விலையினும் அதன் அளவுகளை ஒழுங்காகக் குறித்துவைக்கும் பதிவேடே இங்குப் பெரும்பயன் தருவது. பதிவேடில்லாத நிலையத்தில் மிக நுண்ணிய கருவியும் வெறும் எண்களையே தரும். பதிவேடுள்ள நிலையத்திலோ, ஓரெண்ணின் சிறு உயர்ச்சியே இருள் சூழுமுன் எச்சரிக்கை விடுக்கும்.