வண்டியின் மார்க்கும் வீட்டின் மதிப்பும்

மோட்டார் வண்டி நமது ஜில்லாவுக்குப் புதிதாக வந்த நாளில் ஜனங்கள் அதைப் 'பிளஷர்' என்று அழைத்தார்கள். வண்டி தானாக ஓடுவதே பெரிய அதிசயமாக இருந்தது. அதைச் செய்த கம்பெனி எது என்ற விசாரணையெல்லாம் பிற்பாடு வந்ததுதான். இன்று காலம் மாறிவிட்டது. பாளையங்கோட்டையில் நான்காம் வகுப்பில் படிக்கும் சிறுவன் ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். வயலில் நிற்பது எந்த ரக நெல் என்று அவனுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் நூறு கஜ தூரத்தில் வரும் காரின் முகப்பிலுள்ள அடையாளத்தைக் கண்டு, அது பென்ஸா, பி.எம்.டபிள்யூவா, ஆடியா, வால்வோவா என்று பிழையின்றிச் சொல்லிவிடுவான்.

சிறுவனை ஏன் குறை கூற வேண்டும்? முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்து வாசலில் வந்து நிற்கும் வண்டிகளைக் கவனிப்பதில் பெரியவர்களுக்குள்ள சிரத்தை, உள்ளே ஓதப்படும் மந்திரத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. 'பென்ஸிலே வந்தார்' என்றால், வந்தவர் யாரென்று விசாரியாமலே அவருக்கு முன் வரிசையில் ஒரு நாற்காலி கிடைத்துவிடுகிறது. சம்பந்தம் பேசும் இடங்களிலும், 'மாப்பிள்ளைக்கு ஒரு கார்' என்று பொதுப்படச் சொல்லி வந்தது போய், இன்ன தேசத்து இன்ன மார்க்குக் கார் என்று பெயர் குறிப்பிடும் வழக்கம் தலைகாட்டியிருக்கிறது. ஆகையால் இந்த மார்க்கு என்னும் விஷயத்தைக் குடும்பஸ்தர்கள் சற்று நிதானமாக ஆராய்வது அவசியமாகிறது.

கீர்த்தி பிறந்த விதம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய வண்டிகளின் கீர்த்தி வெறும் விளம்பரத்தால் வந்துவிடவில்லை. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் 1886-இல் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஆனால் ஜனங்களுக்கு அதனிடம் நம்பிக்கை பிறக்கவில்லை. 1888 ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா அம்மையார், கணவரிடம் சொல்லாமலே, இரண்டு புதல்வர்களையும் ஏற்றிக்கொண்டு, அந்த வண்டியிலேயே தாய்வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். தூரமோ நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். பிரேக்குக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துக்கொண்டார். தாய்வீட்டுக்குச் சென்ற அந்தப் பிரயாணமே பென்ஸ் வண்டிக்குக் கிடைத்த முதல் நற்சாட்சிப் பத்திரம். 'மெர்ஸிடிஸ்' என்பது, டைம்லர் என்ற மற்றொரு கம்பெனியின் வண்டிகளை விற்று வந்த யெல்லினெக் என்பவருடைய மகளின் பெயர். 1926-இல் இரு கம்பெனிகளும் ஒன்றானபோது இரு பெயர்களும் இணைந்தன.

இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் வண்டி 1907-இல் ஏறக்குறைய 15,000 மைல் தூரம் சோதனையாக ஓட்டப்பட்டது. பிறகு யந்திரத்தைப் பிரித்துப் பார்த்ததில், தேய்ந்த பாகங்களை மாற்றுவதற்கு இரண்டு பவுண்டுச் சொச்சமே செலவாகும் என்று கண்டார்கள். ஸ்வீடன் தேசத்து வால்வோ கம்பெனியில் நில்ஸ் போலின் என்னும் பொறியாளர் 1959-இல் மார்பையும் இடுப்பையும் சேர்த்துப் பிணிக்கும் ஆசனப் பட்டையை அமைத்தார். அதன் உரிமையைக் கம்பெனி தனக்கென்று பூட்டி வைத்துக்கொள்ளாமல் பிற கம்பெனிகளும் உபயோகிக்க விட்டது. இன்று உலகத்தில் எந்தக் காரில் ஏறினாலும் நாம் மாட்டிக்கொள்வது அந்தப் பட்டையைத்தான்.

இவ்வாறு ஜெர்மன் வண்டி என்றால் உறுதி, ஆங்கில வண்டி என்றால் கௌரவம், இத்தாலிய வண்டி என்றால் வேகம், ஸ்வீடன் வண்டி என்றால் பத்திரம் என்று ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு குணம் ஏற்பட்டுவிட்டது. ஊருக்கு ஊர் இந்த அர்த்தம் மாறுவதும் உண்டு. நம் ஜில்லாவில் 'வால்வோ' என்றால் பலருக்குக் கார் நினைவுக்கு வருவதில்லை. இரவில் சென்னைக்குப் புறப்படும் குளிர்சாதன பஸ்தான் நினைவுக்கு வரும்.

கீர்த்தி ஒரு முறை வேரூன்றிவிட்டால் அதன்மேல் கதைகளும் படர்கின்றன. சுதேச சமஸ்தானத்து மகாராஜா ஒருவர், லண்டன் கடைக்காரன் தம்மை அவமதித்ததற்காக ரோல்ஸ் ராய்ஸ் வண்டிகளை வாங்கிக் குப்பை அள்ள விட்டார் என்ற கதையைக் கேளாதவர் யார்? ஆதாரம் கேட்டால் காட்டுவார் இல்லை. ஒரே கதை பல மகாராஜாக்களின் பேரில் வழங்குகிறது. ஆனால் அதைச் சொல்லும்போது நமக்கு ஏற்படும் பெருமிதத்தைக் கவனிக்க வேண்டும். அந்நியனுடைய மார்க்கை நாம் எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தால், அதைக் குப்பையில் தள்ளியதாகச் சொல்வதில் இவ்வளவு திருப்தி உண்டாகும்!

சொந்தக்காரரின் மனம்

இத்தகைய வண்டி வைத்திருப்பவரிடம் அதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், பெரும்பாலும் அவர் கதவு சாத்தும் ஓசையில் தொடங்குவார். 'தகரம் மாதிரி அடிக்காது, ஸார். பெட்டகம் மூடுவது போல் இருக்கும்' என்பார். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்திலும் டம்ளரில் தண்ணீர் அலுங்காது என்பார். இதில் உண்மை நிறைய உண்டு. மதுரைக்கும் சென்னைக்கும் அடிக்கடி போய் வரவேண்டிய வியாபாரிக்கு, நல்ல பிரேக்கும், உறுதியான உடலும், களைப்புத் தராத ஆசனமும் வீண் ஆடம்பரம் ஆகா.

குறைகளைப் பற்றிக் கேட்டால்தான் பேச்சு மெதுவாகிறது. வேகத்தடையில் அடிப்பாகம் உராய்கிறது. சில வண்டிகளில் மாற்றுச் சக்கரமே கிடையாது. காற்றில்லாமலும் சிறிது தூரம் ஓடும் விசேஷ டயர் போட்டிருக்கிறார்கள், அதன் விலையோ நெஞ்சை அடைக்கிறது. எச்சரிக்கை விளக்கு ஒன்று எரிந்தால் உள்ளூர் மெக்கானிக் கைவைக்கத் தயங்குகிறார். இவ்வளவையும் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, 'ஆனாலும் இதைப் போல வராது' என்று முடிப்பார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பெரும் பணம் கொடுத்து வாங்கிய ஒன்றைக் குறை சொன்னால், தம் புத்தியையே குறை சொன்னதாகும் என்ற அச்சம் மனிதர் எல்லோருக்கும் பொதுவானது. ஆகவே சொந்தக்காரரின் புகழ்ச்சியைக் கேட்டு வாங்கப் புறப்படுகிறவர், அதில் யந்திரத்தின் பங்கு எவ்வளவு, கொடுத்த பணத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கணக்குப் பார்ப்போம்

ஐம்பது லட்சம் ரூபாய் விலையுள்ள பெரிய பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய கார்களுக்குச் சரக்கு சேவை வரி 40 சதவீதம். ஆகவே அந்த ஐம்பது லட்சத்துக்குள் ஏறக்குறைய 14 லட்சம் வரியாக அடங்கியிருக்கிறது. இதற்கு மேல் 2023 முதல் தமிழ்நாட்டில், இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். அதற்கு ஏறக்குறைய இன்னும் 10 லட்சம். இன்ஷூரன்ஸும் கடன் வட்டியும் தனி.

'பழைய வண்டியாக வாங்கிவிட்டால் என்ன?' என்று கேட்பவர் உண்டு. உயர்ந்த ரக வண்டியின் விலை சில வருஷங்களிலேயே வெகுவாக இறங்கிவிடுகிறது என்பது மெய். ஆனால் இறங்குவது வண்டியின் விலை. உதிரிப் பாகத்தின் விலை இறங்குவதில்லை. பத்து லட்சத்துக்குக் கிடைத்த பழைய காருக்கும், ஐம்பது லட்சத்துக் காருக்குரிய கியர்ப் பெட்டியைத்தான் வாங்கிப் போட வேண்டும். மார்க்கின் மோகத்தில் இந்த ஒரு சங்கதியை மறந்த குடும்பங்கள், வண்டியைத் துணி போர்த்தி வாசலில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போகின்றன.

மேலுறை மட்டும் போதுமா?

பெயரை வாங்கி உள்ளீட்டை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. இங்கிலாந்தின் ரோவர் கம்பெனி 1976-இல் வெளியிட்ட ஒரு பெரிய கார் மறு வருஷமே ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசைப் பெற்றது. எட்டு ஸிலிண்டர் யந்திரம் அதன் சிறப்பு. அந்த உருவத்தைச் சென்னையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி வாங்கி, 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெயரில் 1985-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பார்த்தவர் மயங்கினார்கள். ஆனால் உள்ளே வைத்தது, பழைய வான்கார்டு வண்டியின் வழிவந்த நான்கு ஸிலிண்டர் யந்திரம். குதிரையின் தோலுக்குள் கழுதையை வைத்தது போலாயிற்று. உற்பத்தி 1988-இல் நின்றது.

அயல்நாட்டாரும் இதற்கு விலக்கல்லர். ஆடி கார்களுக்கும் உடமையாளரான வோக்ஸ்வாகன் ஸ்தாபனம், புகைச் சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் தந்திரத்தை டீஸல் வண்டிகளில் வைத்திருந்தது 2015-இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. அத்தகைய வண்டிகள் உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல். பல தலைமுறை தேடிய நற்பெயருக்கு ஒரே வாரத்தில் களங்கம் வந்து சேர்ந்தது.

தாமிரபரணிக் கரையில்

மார்க்கு என்பதை அயல்நாட்டாரிடம் நாம் கற்கவேண்டியதில்லை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, மாலையில் மட்டும் திறந்து அல்வா விற்கும் கடைக்கு மங்கிய விளக்கைக் கண்டு ஜனங்களே 'இருட்டுக்கடை' என்று பெயர் வைத்தார்கள். விளம்பரம் எதுவும் அந்தப் பெயரைத் தேடித் தரவில்லை. கோதுமைப் பாலும் நெய்யும் பதமும் தேடித் தந்தன. பத்தமடையில் தாமிரபரணிக் கோரையை நூல்போல் கிழித்துப் பாய் நெய்கிறவர்கள், கல்யாணப் பாயில் மணமக்களின் பெயரைப் பாயோடு பாயாகவே நெய்துவிடுகிறார்கள். பாய் இருக்கும் வரை பெயரும் இருக்கும்.

நமது ஜில்லாவின் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், 1911-இல் மதுரையில் தொடங்கிய ஸ்தாபனம் மூன்று எழுத்துக்களால் தென்னாடு முழுவதும் பெயர் பெற்றது. அந்தக் கம்பெனியின் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பது பெரியோர் வாக்கு. சொன்ன நேரத்தில் வந்ததே அதன் மார்க்கு.

இன்னும் உயர்ந்த உதாரணம் ஒன்று உண்டு. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார். காலியா, லாவோ என்ற அதன் கப்பல்கள் ஐரோப்பாவிலிருந்து வாங்கப்பட்டவையே. ஆயினும் ஜனங்கள் அவற்றை 'நம் கப்பல்' என்றார்கள். வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுக்க முன்வந்தது என்பர். அப்போதும் சுதேசிக் கப்பலைத் தேடி ஏறியவர்கள் இருந்தார்கள். 1908-இல் பிள்ளையவர்கள் சிறை சென்றபின், 1911-க்குள் கம்பெனி கலைந்துபோயிற்று. அன்பு மட்டும் போதாது, மூலதனமும் நிர்வாகமும் பாதுகாப்பும் வேண்டும் என்ற பாடத்தையும் அந்தச் சரித்திரமே சொல்லுகிறது.

செய்தவர் யார்?

இன்று நாம் 'சீமைச் சரக்கு' என்று மதிக்கும் வண்டியைச் செய்யும் கைகள் யாருடையவை? பி.எம்.டபிள்யூ கார்கள் 2007 முதல் செங்கற்பட்டுக்கு அருகே நம் பிள்ளைகளின் கையால் பூட்டப்படுகின்றன. ஆங்கிலேயக் கௌரவத்தின் சின்னங்களான ஜாகுவார், லாண்டு ரோவர் இரண்டையும் டாட்டா கம்பெனி 2008-இல் 230 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கிவிட்டது. இராணிப்பேட்டை ஜில்லாவில் 9,000 கோடி ரூபாய்த் திட்டமாக டாட்டா தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். ரோல்ஸ் ராய்ஸ் கார் ஜெர்மானியர் வசம். வால்வோ கார் 2010 முதல் சீனர் வசம். தாமிரபரணி கடலில் கலக்கும் தூத்துக்குடி ஜில்லாவிலேயே, வியட்நாமின் வின்பாஸ்ட் கம்பெனி 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார்த் தொழிற்சாலையைத் திறந்தது. நெடுங்காலம் யுத்தத்தில் அடிபட்ட ஒரு சிறு தேசம், தன் சொந்தப் பெயரைப் பொறித்த காரை நம் கரையில் வந்து செய்கிறது என்பது சிந்திக்கத் தக்கது.

பிரிட்டனுடன் 2025 ஜூலையில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம், நூறு சதவீதத்துக்கும் மேற்பட்ட கார்ச் சுங்க வரியை, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு உட்பட்டு, பத்து சதவீதத்துக்குக் குறைக்க வகை செய்கிறது. அயல்நாட்டு வண்டிகள் இன்னும் அருகில் வரப்போகின்றன. அவற்றை வெறுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வசதியுள்ளவர், உபயோகம் அறிந்து, ரொக்கக் கணக்குப் பார்த்து வாங்கட்டும். வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நலம். பழுது பார்க்கும் இடம் எவ்வளவு தூரம்? பத்து வருஷத்துக்கு மொத்தச் செலவு என்ன? முகப்பிலுள்ள அடையாளத்தைத் துணியால் மூடிவிட்டால், அப்போதும் இதே விலை கொடுப்போமா?

கல்யாணப் பேச்சில் காரின் மார்க்கு நுழையும் இடத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் கூடாது. வரதட்சிணை கேட்பதும் கொடுப்பதும் 1961 முதல் சட்ட விரோதம். அயல் மார்க்கு ஒன்றுக்காகப் பெண்ணைப் பெற்றவர் நன்செயை விற்பாராகில், அந்த வண்டி எவ்வளவு மெதுவாகக் கதவு சாத்தினாலும் அதன் ஓசை அந்த வீட்டில் ஆயுள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும். மகள் தாய்வீட்டுக்கு வருகிற அன்று, எந்த மார்க்கில் வந்தாள் என்று தெருவார் பார்க்கட்டும். முகம் மலர்ந்து வந்தாளா என்று வீட்டார் பார்க்கட்டும்.