பழைய லாரி இன்ஜின்: புதுப்பிப்பதா, மாற்றுவதா?

பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய லாரியின் (சரக்குந்து) டீசல் இன்ஜின் தேய்ந்து வலுவிழக்கும்போது உரிமையாளர் முன் இரண்டு வழிகள் உள்ளன. இன்ஜினை இறக்கிப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, அதே இன்ஜினை மீண்டும் பொருத்துவது ஒன்று. இது புதுப்பித்தல் அல்லது ஓவர்ஹால் எனப்படும். பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறொரு இன்ஜினைப் பொருத்துவது மற்றொன்று.

நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித் தொழில் மையங்களில் ஒன்றிரண்டு வண்டிகளை மட்டும் வைத்துப் பிழைப்பவர்கள் பலர். வண்டி பட்டறையில் நிற்கும் நாள்களில் அவர்களுக்கு வாடகை வராது. தவணை மட்டும் நிற்காது. எனவே இந்த முடிவில் பட்டறை பில்லுடன் மூன்று கேள்விகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: பிளாக்கும் கிராங்க்கும் எந்த நிலையில் உள்ளன, வண்டி எத்தனை நாள் நிற்கும், இன்ஜினைத் தவிர்த்த மற்ற வண்டி இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும்.

இன்ஜின்தான் காரணமா?

இழுவை குறைந்தது, புகை வருகிறது என்பதற்காக மட்டும் இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், நாசில் சரியாகத் தூவாவிட்டாலும், டர்போவிலிருந்து செல்லும் ஹோஸில் கசிவு இருந்தாலும், கிளட்ச் நழுவினாலும், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும் வண்டி இழுக்காது. இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு, இன்ஜின் வேலைச் செலவில் சிறு பங்குதான்.

புகையின் நிறம் ஓரளவு வழிகாட்டும்.

- கறுப்புப் புகை: டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. பெரும்பாலும் பம்ப், நாசில், ஏர் ஃபில்டர், டர்போ தொடர்பானது.
- நீலப் புகை: இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், லைனர் தேய்வு காரணமாகலாம். வால்வு கைடு அல்லது டர்போ சீல் கசிவும் காரணமாகலாம்.
- வெள்ளைப் புகை: டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது எரி அறைக்குள் தண்ணீர் கசிகிறது. இன்ஜின் சூடான பிறகும் தொடர்ந்தால் ஹெட் கேஸ்கட், ஹெட் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

டர்போ சீல் மட்டும் கசியும் இன்ஜினை ரிங் போய்விட்டது என்று கருதிப் பிரிப்பது வீண் செலவு. டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே வழக்கத்துக்கு மாறாக ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பார்த்தால் இது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பிரிப்பதற்கு முன் செய்யும் சோதனைகள்

இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அல்லது பிரீதர் குழாயைப் பார்த்தால், புகை விட்டுவிட்டு வேகமாக வெளியேறுவது தெரியலாம். பட்டறைகளில் இதைப் பேக் கம்ப்ரெஷன் என்பர். எரிந்த வாயு ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்குவதன் அடையாளம் இது.

அடுத்தது கம்ப்ரெஷன் அளவீடு. ஒவ்வொரு சிலிண்டரிலும் கருவியைப் பொருத்தி அழுத்தத்தை அளந்து, தயாரிப்பாளர் கூறும் அளவோடு ஒப்பிட வேண்டும். சிலிண்டர்களுக்கு இடையேயான வேறுபாடும் முக்கியம். எல்லாம் ஒரே சீராகக் குறைந்திருந்தால் அது பொதுவான தேய்வு. ஒன்று மட்டும் குறைந்திருந்தால் வால்வு, கேஸ்கட் அல்லது அந்த ஒரு பிஸ்டனில் கோளாறு இருக்கலாம்.

ஆயில் அழுத்தத்தை இன்ஜின் நன்கு சூடான பிறகு, ஐட்லிங்கில் பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் சரியாக இருந்து சூடானதும் மிகவும் விழுந்தால் கிராங்க் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பழைய ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்ப்பதும் பயனுள்ளது. மடிப்புகளில் செம்பு நிறத்தில் மினுமினுக்கும் துகள்கள் இருந்தால் பேரிங் அரிந்துகொண்டிருக்கிறது. அந்த நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால் சாணை பிடித்துச் சரிசெய்யக்கூடிய கிராங்க்கும் தூக்கி எறிய வேண்டியதாகிவிடும்.

பிளாக்கும் கிராங்க்கும்

இன்ஜினைப் பிரித்த பிறகு முடிவைத் தீர்மானிப்பவை இவ்விரு பாகங்களே. பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு, கேஸ்கட் ஆகியவை மாற்றுவதற்காகவே உள்ள பாகங்கள். பிளாக் வெடித்திருந்தாலோ கிராங்க் முறிந்திருந்தாலோ செலவு சட்டென்று உயரும்.

பிளாக்கின் அமைப்பு மூன்று வகைப்படும். ஈர லைனர் உள்ள இன்ஜினில் லைனரின் வெளிப்புறத்தைத் தண்ணீர் நேரடியாகத் தொடும். பழையதை இழுத்துவிட்டுப் புதியதை இறக்கலாம். உலர் லைனர் பிளாக்கின் துளைக்குள் இறுக்கமாக அமர்ந்திருக்கும். அதை மாற்ற லேத் பட்டறை உதவி தேவைப்படும். லைனரே இல்லாத இன்ஜினில் பிஸ்டன் பிளாக்கின் துளையிலேயே நேராக ஓடும். டாடா லாரிகளில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி இவ்வகையைச் சேர்ந்தது. இதன் துளை தேய்ந்தால் சற்றுப் பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். அனுமதிக்கப்பட்ட அளவுக்கு ஏற்கெனவே குடைந்துவிட்டால் ஸ்லீவ் இறக்குவது அல்லது பிளாக்கை மாற்றுவதுதான் வழி. எனவே இத்தகைய வண்டியைப் பழையதாக வாங்கியவர், இன்ஜின் முன்பு எத்தனை முறை குடையப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிராங்க்கின் ஜர்னல்களை மைக்ரோமீட்டரால் பல திசைகளில் அளப்பார்கள். வட்டம் கெட்டிருந்தால் சாணை பிடித்துக் குறைத்து, அதற்கேற்ற தடித்த பேரிங் போடப்படும். பொதுவாக 10, 20, 30 தௌ எனப் படிப்படியாகக் குறைப்பது வழக்கம்; 10 தௌ என்பது ஏறத்தாழ 0.25 மி.மீ. இறுதி அளவைத் தொட்டுவிட்ட கிராங்க்குக்கு மறுவாழ்வு இல்லை. சாணை பிடிப்பதற்கு முன் காந்தத் துகள் முறையில் விரிசல் சோதனை செய்வது நல்லது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ள கிராங்க் பாரம் ஏற்றியபின் முறியும். பேரிங் சுழன்றுவிட்ட இன்ஜினில் பிளாக்கின் மெயின் துளைகள் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்பதையும் அளக்க வேண்டும்.

பிரிப்பதற்கு முன்பே பேசி முடிக்கும் மொத்தத் தொகைகள் இதனால்தான் பெரும்பாலும் நிலைப்பதில்லை. பிரித்து அளந்த பின், பாகம் பாகமாக விலை எழுதி வாங்குவதே முறை.

புதுப்பித்தலின் அளவுகள்

எல்லா ஓவர்ஹாலும் ஒன்றல்ல. ஹெட்டை மட்டும் இறக்கி வால்வு வேலை செய்வது டாப் ஓவர்ஹால். ரிங், பேரிங் மட்டும் மாற்றுவது இடைநிலை வேலை. லைனர், பிஸ்டன், ரிங் கிட்டுடன் கிராங்க், ஹெட், ஆயில் பம்ப், டீசல் பம்ப், நாசில், டர்போ ஆகிய அனைத்தையும் சரிபார்ப்பது முழு ஓவர்ஹால்.

தேய்ந்த லைனரில் புது ரிங் மட்டும் போடுவது மலிவாகத் தோன்றும். துளை வட்டம் கெட்டிருந்தால் புது ரிங் சுவரோடு ஒட்டி அமராது. விரைவிலேயே மீண்டும் ஆயில் குடிக்கத் தொடங்கும். கேஸ்கட் செட், ஆயில், கூலி, நின்ற நாள்கள் ஆகிய செலவுகள் அனைத்தும் இரண்டாம் முறையும் வரும்.

முதலில் ஏன் இன்ஜின் கெட்டது என்பதைக் கண்டுபிடிக்காமல் செய்யும் வேலையும் நிலைக்காது. கிழிந்த ஏர் ஹோஸ் வழியாகப் புழுதி போயிருந்தால், அதே ஹோஸ் புது ரிங்கையும் அரித்துவிடும். ரேடியேட்டர் அடைப்பால் சூடேறிய இன்ஜின், அடைப்பை எடுக்காவிட்டால் மீண்டும் சூடேறும். பேரிங் அரிந்த இன்ஜினில் ஆயில் கூலரைச் சுத்தம் செய்யாமல் பொருத்தினால், அதில் தங்கிய உலோகத் துகள் புதிய பேரிங்கைக் கெடுக்கும்.

மாற்று இன்ஜின் வகைகள்

1. நிறுவனத்தின் புது இன்ஜின்: விலை அதிகம்; உத்தரவாதம் உண்டு. மிகப் பழைய மாடல்களுக்குக் கிடைப்பது அரிது.
2. நிறுவனம் புதுப்பித்துத் தரும் இன்ஜின்: பழைய இன்ஜினைக் கொடுத்துவிட்டு மாற்றிக்கொள்வது. டாடா மோட்டார்ஸின் புரோலைஃப் திட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. கொடுக்கும் பழைய இன்ஜினின் பிளாக் உடைந்திருந்தால் கழிவுத்தொகை குறையலாம்.
3. ஹாஃப் இன்ஜின்: பிளாக், கிராங்க், பிஸ்டன் பொருத்திய கீழ்ப்பகுதி. ஹெட், பம்ப் முதலியவை பழையவற்றிலிருந்தே வரும்.
4. உடைத்த வண்டியின் பழைய இன்ஜின்: சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளில் கிடைப்பது. விலை குறைவு, உள்நிலை தெரியாது.

நான்காம் வகையை வாங்கும்போது இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதும், முடியாவிட்டால் சம்பைக் கழற்றி ஒரு பேரிங்கையாவது பார்ப்பதும் தேவை. வேறு மாடல் இன்ஜினைப் பொருத்தினால் மவுண்டிங், கியர்பாக்ஸ், கிளட்ச், ரேடியேட்டர் எனத் தொடர்ச்சியாக மாற்றங்கள் வரும்; இன்ஜின் விலையில் மிச்சமானது இவற்றில் கரைந்துவிடும். 2017 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-4, 2020இல் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாடும் புகைச் சுத்திகரிப்பு அமைப்பும் இன்ஜினோடு பொருந்த வேண்டும். முழுதும் இயந்திர முறையில் இயங்கும் பழைய இன்ஜின்களில் இந்தச் சிக்கல் இல்லை.

பாகங்கள் கிடைப்பதும் முடிவை மாற்றும். டாடா 697 போல ஏராளமாக ஓடிய இன்ஜினுக்கு (6 சிலிண்டர், 97 மி.மீ. துளை என்பதே அந்தப் பெயர்) கிட்டும் வேலை தெரிந்த மெக்கானிக்கும் சிற்றூர்களில்கூடக் கிடைப்பர். அரிய மாடலுக்குப் பாகம் தேடுவதிலேயே வாரங்கள் கழியும்.

செலவுக் கணக்கு

விலைகள் ஊருக்கும் மாடலுக்கும் ஏற்ப மாறும். கணக்கிடும் முறை மாறாது. பட்டறைச் செலவோடு நின்ற நாள்களின் இழப்பைக் கூட்டி, வண்டி இனி ஓடப்போகும் கிலோமீட்டரால் வகுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு நாள் நின்றால் இழப்பு ரூ. 3,000 என வைத்துக்கொள்வோம்.

- முழு ஓவர்ஹால்: வேலை ரூ. 2,00,000, 20 நாள் நிறுத்தம் ரூ. 60,000. மொத்தம் ரூ. 2,60,000. எதிர்பார்க்கும் ஆயுள் 3 லட்சம் கி.மீ.
- சந்தையின் பழைய இன்ஜின்: பொருத்துகூலியுடன் ரூ. 1,20,000, 6 நாள் நிறுத்தம் ரூ. 18,000. மொத்தம் ரூ. 1,38,000. ஆயுள் 1 லட்சம் கி.மீ.
- நிறுவன இன்ஜின்: ரூ. 4,50,000, 6 நாள் நிறுத்தம் ரூ. 18,000. மொத்தம் ரூ. 4,68,000. ஆயுள் 5 லட்சம் கி.மீ.

வண்டி இனி 3 லட்சம் கி.மீ. ஓடும் என்றால், ஓவர்ஹாலுக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 87 காசு ஆகிறது. பழைய இன்ஜினை மும்முறை மாற்ற வேண்டியிருப்பதால் ரூ. 1.38, நிறுவன இன்ஜினுக்கு ரூ. 1.56. வண்டி 1 லட்சம் கி.மீ.க்கு மேல் தாங்காது என்றால் பழைய இன்ஜினின் ரூ. 1.38தான் மிகக் குறைவு, ஓவர்ஹால் ரூ. 2.60, நிறுவன இன்ஜின் ரூ. 4.68. 5 லட்சம் கி.மீ. ஓடக்கூடிய நல்ல வண்டியில் நிறுவன இன்ஜின் 94 காசுக்கு இறங்குகிறது. ஓவர்ஹாலை இருமுறை செய்தால் ரூ. 1.04.

ஆகவே எது மலிவு என்பதை இன்ஜினின் விலை மட்டும் சொல்லாது. சேசிஸ் துரு, கியர்பாக்ஸ், ஹவுசிங், கேபின், பாடி ஆகியவற்றின் நிலையையும் பார்த்த பிறகே விடை கிடைக்கும். 8 ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று (எஃப்.சி.) எடுக்க வேண்டும். 15 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு அதன் கட்டணம் மிக அதிகம். மீதி ஆயுளைக் கணக்கிடும்போது இதையும் சேர்க்க வேண்டும். மூன்று கணக்கும் கட்டுப்படியாகவில்லை என்றால், ஓடும் நிலையிலேயே வண்டியை விற்றுவிடுவது நான்காவது வழி. பிரித்துப்போட்ட இன்ஜினோடு நிற்கும் வண்டிக்கு நல்ல விலை கிடைக்காது.

சட்ட நடைமுறை

இன்ஜின் எண் பதிவுச் சான்றிதழில் (ஆர்.சி.) இடம்பெறும். அதே பிளாக்கைப் புதுப்பித்தால் எண் மாறாது. ஓவர்ஹாலின் ஒரு வசதி இது. வேறு இன்ஜின் பொருத்தினால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 பொருந்தும். முன் ஒப்புதலின்றி இன்ஜினை மாற்றியிருந்தால் 14 நாள்களுக்குள் பதிவு அலுவலருக்குத் தெரிவித்து, சான்றிதழில் மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் உள்ள வண்டி என்றால் பதிவு உரிமையாளரின் எழுத்துப்பூர்வ இசைவு வேண்டும். பழைய இன்ஜின் வாங்கும்போது பில்லும் அழிக்கப்படாத எண்ணும் கட்டாயம். எண் தேய்க்கப்பட்ட இன்ஜின் திருட்டு வழக்கில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும்.

வேலை முடிந்த பின்

கழற்றிய பழைய பாகங்களையும் புதிய பாகங்களின் பில்களையும் பட்டறையிலிருந்து கேட்டு வாங்குவது வழக்கம். துளை, ஜர்னல் அளவுகளை எழுதி வைத்தால் அடுத்த முறை பயன்படும். தொடக்கத்தில் மிதமான பாரத்தோடு ஓட்டுவது ரிங் சுவரில் அமர உதவும். நெடுநேரம் ஐட்லிங்கில் விடுவது அதைக் கெடுக்கும். முதல் ஆயிலை வழக்கமான தவணைக்கு முன்பே மாற்றுவதும், முதல் சில நாள்கள் ஆயில், தண்ணீர் அளவுகளைத் தினமும் பார்ப்பதும் செய்த செலவைக் காக்கும்.